பேய்க்கதை, மர்மக்கதை, முன்னோர் கதை: தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு எது ஒட்டுகிறது?

கித்தாக்காட்டு வாசகி | சுங்கை சிப்புட் | வெள்ளி, இரவு 9.12

அம்மாவுக்குப் புத்தகம் தேடுகிறேன். கண் அறுவை முடிந்து மறுபடி வாசிக்க ஆரம்பித்திருக்கிறார். பிடித்தவை மூன்று வகைதான்: கொலை, பேய், கப்பலேறி வந்த குடும்பங்களின் கதை. முதல் இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார். மூன்றாவதை மட்டும் பாதியிலேயே மூடி வைத்துவிட்டு, "இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானே" என்கிறார்.

எனக்கும் அதே சங்கடம்தான். ஊரில் பஞ்சம், கங்காணி வந்து ஆசை காட்டுகிறான், கப்பல், பினாங்கு, ரப்பர் தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), கள்ளுக்கடை, ஜப்பான்காரன், சாவு. பெயர்கள்தான் மாறுகின்றன. ஆனால் அதே லயத்தைப் பற்றிப் பாட்டி சொன்ன பேய்க்கதையை நினைத்தால் இன்றைக்கும் ராத்திரியில் பின்கட்டு விளக்கைப் போடாமல் போகமாட்டேன். ஒரே இடம், ஒரே ஜனங்கள். ஒன்று பிடிக்கிறது, இன்னொன்று பிடிக்கவில்லை. உங்களுக்கு எப்படி? என்ன வாசித்தீர்கள், எது நின்றது, எது போரடித்தது, கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

நள்ளிரவு நண்டு | வெள்ளி, இரவு 9.40

அக்கா, இது சுலபம். பேய்க்கதையில் அடுத்து என்ன நடக்கும் என்று பாட்டிக்கே தெரியாது. சொல்லும் ஒவ்வொரு தடவையும் மாறும். முன்னோர் நாவல் எழுதுகிறவர் ஆண்டுவாரியாகப் பட்டியல் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். 1910இல் சஞ்சிக்கூலி (ஒப்பந்தக் கூலி) முறை நின்றது, 1938இல் இந்தியா ஆள் அனுப்புவதை நிறுத்தியது, அப்புறம் ஜப்பான்காரன். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கிறது.

ஆனால் அச்சில் வருகிற பேய்க்கதைகளையும் நான் முழுக்கத் தூக்கிப் பிடிக்கமாட்டேன். எல்லாம் துரை பங்களா, வெள்ளைச் சேலை, சலங்கைச் சத்தம். நம் ஊர்ப் பேய் முதலில் வாசனையாகத்தான் வரும். பக்கத்தில் மரமே இல்லாத இடத்தில் கெம்போஜாப் பூ மணக்கும். மலாய் நண்பர்கள் பொந்தியானாக் என்ற பெண்பேயின் பெயரைக்கூட ராத்திரியில் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நம் லயங்களில் மோகினியும் பொந்தியானாக்கும் ஒரே மரத்தில்தான் குடியிருந்தன. அதை அப்படியே எழுதுகிறவர்கள் குறைவு.

பத்து காஜாவில் கெல்லி மாளிகை இருக்கிறதே, அதைப் பற்றிக் கதை எழுதாத ஆள் இல்லை. எல்லாக் கதையிலும் பேயாக வருகிறவர் வில்லியம் கெல்லி ஸ்மித் துரை, இல்லாவிட்டால் அவர் குடும்பத்தார். மனுஷர் 1926இல் லிஸ்பனில் நிமோனியா கண்டு செத்தார். அங்கிருந்து பேராக்குக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று யாரும் விளக்கவில்லை!

டீச்சரம்மா | வெள்ளி, இரவு 10.25

நண்டு தம்பி, அந்த மாளிகையில் பேய் தேட வேண்டுமானால் வேறு பக்கம் தேடியிருக்க வேண்டும். அதைக் கட்ட மெட்ராஸ் பக்கமிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில் ஸ்பானிஷ் காய்ச்சல் வந்து அவர்களில் பலர் செத்துப்போனார்கள். மிச்சமிருந்தவர்கள் கேட்டுக்கொண்டபடி துரை ஒரு மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார். கூரையில் சாமி சிலைகளோடு துரையின் சிலையும் நிற்கிறது, போனால் நிமிர்ந்து பாருங்கள். செத்தவர்கள் ஒருவர் பெயரும் அங்கே இல்லை. பேய்க்கதைக்காரர்களின் கண்ணுக்குத் துரைதான் தெரிகிறார் என்றால் குறை பேய்மேல் இல்லை.

வாசகிக்கு: எந்த நாவலையும் ஒரு வரியில் சுருக்கினால் போரடிக்கத்தான் செய்யும். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை நான் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகுதி பகுதியாக வாசித்துக் காட்டியிருக்கிறேன். 415 கிலோமீட்டர் தண்டவாளம், ஜப்பான்காரன் 1942, 43இல் போட்டது, பல்லாயிரம் தமிழர்கள் தோட்டங்களிலிருந்து போனார்கள். இதைப் பாடமாகச் சொன்னால் எவன் கேட்பான்? கதையாக வாசித்தபோது கடைசி பெஞ்சுப் பையன் கூட எழுந்து தண்ணீர் குடிக்கப் போகவில்லை.

எனக்கும் ஒரு குறை உண்டு. ஞானபீடம் வாங்கிய அகிலன் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போய் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். நல்ல மனசோடு எழுதியதுதான். வாசிக்கிறபோது நம்மைப் பார்த்து யாரோ இரக்கப்படுகிற உணர்வு வருகிறது. அதற்குப் பிறகு வந்த நம்மவர்களில் சிலரும் அதே இரக்கத்தோடு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். லயத்தில் சிரிப்பே இல்லையா? தீபாவளிக்கு முறுக்குச் சுடும்போது நடக்கிற சண்டை ஒன்று போதுமே ஓர் அத்தியாயத்துக்கு.

தே ஓ கோசோங் | வெள்ளி, இரவு 10.31

டீச்சர் வந்துவிட்டார், எல்லாரும் நேராக உட்காருங்கள்.

நான் சங்கர்லால் கட்சி. தமிழ்வாணன் எழுதிய எதையும் அப்பா விடமாட்டார், அவர் வாசித்து முடித்ததும் பக்கத்து வீடு, அங்கிருந்து கோடி வீடு, திரும்பி வரும்போது அட்டை இருக்காது. சங்கர்லால் ஒரு கோப்பைத் தேநீர் குடித்தால் போதும், கொலைகாரன் யாரென்று தெரிந்துவிடும். நான் தினம் ஏழெட்டுக் கோப்பை குடிக்கிறேன், மோட்டார் சாவியை எங்கே வைத்தேன் என்பதே தெரிவதில்லை.

கேள்வி இதுதான்: ஒரு தோட்டத்தில், ஒரு லயத்தில், ஒரு கொலை. துப்பறிகிறவரும் நம் ஆள். அப்படி உருப்படியாக ஒரு நாவல் யாராவது வாசித்திருக்கிறீர்களா? பாக்கெட் நாவல்களில் தோட்டம் என்றாலே நீலகிரி டீ எஸ்டேட்தான்.

பழைய கிராணி | சனி, காலை 5.50

தம்பி கோசோங், எழுத முடியும். ஆனால் பட்டணத்து இலக்கணம் ஆகாது. தோட்டத்தில் கொலை விழுந்தால், மதியம் ஸ்டோரில் ரப்பர் பாலை எடை போட்டு முடிப்பதற்குள் யார் செய்தது என்று ஆறு லயத்துக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் போலீஸிடம் ஒருவரும் சொல்லமாட்டார். வீடு தோட்டத்தினுடையது. வேலை போனால் வீடும் போகும், பிள்ளையின் பள்ளியும் போகும். ஆகவே நம் மர்மக்கதையில் கொலைகாரன் யாரென்று முதல் அத்தியாயத்திலேயே வாசகனுக்குச் சொல்லிவிட்டாலும் பாதகமில்லை. எல்லாரும் ஏன் வாயைப் பொத்திக்கொண்டார்கள் என்று கடைசிவரை தேடலாம்.

துப்பு வேண்டுமா? தோட்டத்தில் இல்லாத துப்பா. விடியற்காலை பெரட்டில் பெயர் கூப்பிட்டு செக்ரோலில் குறித்தாகிவிடும், யார் வந்தார், யார் வரவில்லை, எந்த நிரை (மர வரிசை). பால் வெட்டு சூரியன் ஏறுவதற்கு முன். வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும். ஒருவருக்கு நானூறு, ஐந்நூறு மரம். பத்து, பத்தரை மணிக்குமேல் மங்கில் சேர்ந்ததை வாளியில் ஊற்றிக் காண்டாவில் (தோள் கம்பில்) தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வருவார்கள். அங்கே கணக்கு எழுதுகிற கிராணிகள் நாங்கள் எடை போடுவோம். எடை மட்டும் போதாது, தண்ணீர் கலந்து கொண்டு வருகிறவர்கள் உண்டு, அதனால் மிதக்கும் கோலை உள்ளே விட்டு எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்றும் பார்ப்போம். எல்லாம் ஆளுக்கு ஆள் எழுத்தில் இருக்கும். அன்று நடுக்காட்டில் ஒரு மணி நேரம் வெட்டாமல் வேறு காரியம் பார்த்தவன் யாரென்று என் பேரேடு சொல்லும்.

இன்னும் ஒன்று. நல்ல தண்டல் (மேற்பார்வை பார்க்கிறவர்) மரத்தின் பட்டையைப் பார்த்தே இது இன்றைக்கு வெட்டியதா நேற்று வெட்டியதா என்று சொல்லுவார். இன்னாருடைய கை என்றும் சொல்லுவார். சிலர் சரிவாக இழுப்பார்கள், சிலர் கடைசியில் உளியை அழுத்திக் காயம் பண்ணிவிடுவார்கள், பெண்கள் பலர் காகிதம்போல் மெல்லிசாகச் சீவுவார்கள். ஒருத்தியின் நிரையில் அன்று காலை வேறொருவர் கை தெரிந்தால்? கதை அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறதல்லவா.

சில காலத்துக்கு முன் ஒரு தொடர்கதையில் கதாநாயகன் மத்தியானம் கொட்டுகிற மழையில் பால் வெட்டினான். மழையில் பட்டை நனைந்தால் பால் வெட்டிய கோட்டைத் தாண்டி மரமெல்லாம் வழிந்தோடும், எவனும் வெட்டமாட்டான். அதோடு அந்தத் தொடரை விட்டேன். பேய் வருவதை நம்பலாம், இதை நம்ப முடியாது.

தே ஓ கோசோங் | சனி, காலை 7.15

ஐயா, காலை 5.50க்கு இதையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். இன்னும் பெரட்டுக்கு எழுந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்த நாவலை நீங்களே எழுதிவிடுங்கள்.

பழைய கிராணி | சனி, காலை 7.22

எழுதமாட்டேன். அந்தப் பேரேட்டில் இருந்த பெயர்களின் பேரப்பிள்ளைகள் பாதிப்பேர் இந்த இழையில்தான் இருக்கிறார்கள்.

லோரிக்காரன் | சனி, பகல் 1.05

நான் வாசிக்கிறவன் இல்லை, கேட்கிறவன். லோரியில் ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த் போய் வரும்போது ஒலிப்புத்தகம்தான் துணை. ஆங்கிலத்தில் நம் மாநிலத்தைப் பற்றியே இரண்டு கேட்டேன், இந்த இழைக்குச் சரியாக இருக்கும்.

முதலாவது யாங்சி சூ எழுதிய 'தி நைட் டைகர்', 2019இல் வந்தது. 1931, ஈப்போவும் பத்து காஜாவும். ரென் என்ற சீனப் பையன் செத்துப்போன எஜமானின் வெட்டுப்பட்ட விரலைத் தேடிக் கண்டுபிடித்து 49 நாளுக்குள் அவருடைய கல்லறையில் சேர்க்க வேண்டும். இடையில் புலியாக மாறும் மனுஷன், வரிசையாகச் சாவுகள். கோலகங்சார் தாண்டும்போது நல்ல இருட்டு, லோரியை ஓரம் கட்டிவிட்டு டீக்கடை வெளிச்சத்தில் உட்கார்ந்து கேட்டேன். அவ்வளவு பயம்.

இரண்டாவது பிரீதா சமரசனின் 'ஈவ்னிங் இஸ் தி ஹோல் டே', 2008. ஈப்போவில் வசதியான ஒரு தமிழ்க் குடும்பம், 1980. வேலைக்காரப் பெண் செல்லத்தை வீட்டைவிட்டு அனுப்புவதில் ஆரம்பிக்கிறது. பிறகு கதை பின்னோக்கிப் போகிறது. பாட்டி எப்படிச் செத்தார் என்பதுதான் முடிச்சு. கடைக்குட்டிப் பெண் ஆஷாவுக்கு ஆறு வயது, அவள் கண்ணுக்குப் பேய் தெரியும். தாத்தா காலத்திலிருந்து குடும்பக் கதையும் வருகிறது. வாசகி கேட்ட மூன்றும் இந்த ஒன்றிலேயே இருக்கிறது.

டீச்சரம்மா | சனி, பகல் 2.40

தம்பி, இரண்டாவது புத்தகத்தின் தலைப்பு குறுந்தொகைப் பாட்டிலிருந்து வந்தது, 234ஆம் பாட்டு. ஆங்கிலத்தில் எழுதிய பெண் அங்கே போய் எடுத்திருக்கிறாள் என்று தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் முதலாவதில் ஒரு விஷயம் உறுத்தியது. ரப்பர் தோட்டத்தில் சடலமாகக் கிடக்கிறாளே அம்பிகா, அவள் தமிழ்ப்பெண். கதை முழுக்க ஈப்போவையும் பத்து காஜாவையும் சுற்றுகிறது, நம் பக்கத்து ஆள் என்று மனசில் நிற்கிறவள் அந்தச் செத்துப்போனவள்தான். சுவாரசியமான நாவல் என்பதை மறுக்கவில்லை. அவள் காலையில் எந்த நிரைக்குப் போனாள், யாரோடு காண்டா தூக்கினாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை, அவ்வளவுதான்.

லோரிக்காரன் | சனி, பகல் 3.02

டீச்சர், அந்தக் கதை ரென்னுடையது, அதில் வருகிற நடன மண்டபத்துப் பெண்ணுடையது. எழுதினவர் தன் ஆட்களின் கதையை எழுதியிருக்கிறார். அம்பிகாவின் கதையை நாம்தானே எழுத வேண்டும்? அவர் எழுதவில்லை என்று குறை சொல்வது சரியில்லை.

டீச்சரம்மா | சனி, பகல் 3.10

குறை சொல்லவில்லை தம்பி, ஏங்குகிறேன்.

நள்ளிரவு நண்டு | சனி, மாலை 6.48

ம. நவீனின் 'பேய்ச்சி'யை யாரும் சொல்லவில்லையே? தலைப்பைப் பார்த்துப் பேய்க்கதை என்று வாங்கப்போய்

நெறியாளர் | சனி, மாலை 6.55

தம்பி நண்டு, அந்த நாவலை உள்துறை அமைச்சு 2020 டிசம்பரில் தடை செய்தது. அதிலிருந்து பகுதிகளைப் பதிவிடுவதோ, எங்கே கிடைக்கும் என்று கேட்பதோ இங்கே வேண்டாம். தடை சரியா தப்பா என்று பேச தனி இழை இருக்கிறது, ஏற்கெனவே போதுமான அளவு சூடாக இருக்கிறது.

நள்ளிரவு நண்டு | சனி, இரவு 8.20

சரி நெறியாளர் அண்ணே, விட்டேன். ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்: 1981இல் லுனாஸில் சம்சு என்ற சாராயம் குடித்துப் பலர் செத்த சம்பவத்தைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு நாவலைப் பற்றிய சண்டையில்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் நம் முன்னோர் கதைதானே, 1910 கப்பல் மட்டுமா முன்னோர்?

அப்புறம், முனியாண்டி சாமி பேயா சாமியா? நான் எழுதுகிற சிறுகதைக்கு வேண்டும். ராத்திரியில் காட்டுப் பாதையில் சுருட்டு வாசனையோடு நடந்து போகிறார் என்று வைத்திருக்கிறேன். பயமாக இருக்க வேண்டும்.

பழைய கிராணி | ஞாயிறு, காலை 6.05

முனி பயமுறுத்துகிறவர் இல்லை. காவல். ஒவ்வொரு தோட்டத்திலும் நுழைகிற இடத்திலோ காட்டு ஓரத்திலோ அவருக்கு ஒரு கல், ஒரு அரிவாள், ஒரு மரம். புதுக்காடு வெட்டும்போது முதலில் அவருக்குத்தான் படையல், சுருட்டும் கள்ளும் வைத்து. இருட்டில் பால் வெட்டப் போகிற பெண்கள் சுருட்டு வாசனை வந்தால் தைரியமாகப் போவார்கள், துணைக்கு ஆள் வருகிறது என்று. உன் கதையில் அவரைக் கண்டு நடுங்குகிறவன் யாராவது இருந்தால் அவன் ஏதோ தப்புச் செய்துவிட்டு வருகிறவனாக இருக்க வேண்டும். அப்படி எழுது, பயம் தானாக வரும்.

இன்று பல இடங்களில் கித்தா (ரப்பர்) போய் செம்பனை வந்துவிட்டது. லயத்தை இடித்தவர்கள் முனி கோயிலில் கை வைக்கத் தயங்கினார்கள். ஆள் யாருமில்லாத செம்பனைக் காட்டுக்குள் தகரக் கூரையோடு தனியாக நிற்கிற கோயில்கள் உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை தாமான்களிலிருந்து (குடியிருப்புப் பகுதிகளிலிருந்து) கார் எடுத்துக்கொண்டு வந்து பொங்கல் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

கித்தாக்காட்டு வாசகி | ஞாயிறு, காலை 11.30

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கிராணி ஐயா எழுதிய செக்ரோல் பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மெல்லிசாகச் சீவுவார்கள்" என்ற இடத்தில் கையை நீட்டி எப்படி என்று காட்டினார்.

ஆனால் என் கேள்விக்குப் பாதிதான் பதில் வந்திருக்கிறது. முன்னோர் நாவல் ஏன் பேய்க்கதையைப் போல் பிடிக்கவில்லை?

டீச்சரம்மா | ஞாயிறு, மாலை 4.15

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டை வைத்துச் சொல்கிறேன், எங்கள் வீடுதான்.

பாட்டியின் கணவரை ஜப்பான் காலத்தில் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. செத்தார் என்று யாரும் வந்து சொல்லவும் இல்லை. சண்டை முடிந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தபோது, பாட்டி ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாராம். ஒருவர் அங்கே பார்த்தேன் என்றார், இன்னொருவர் வேறு முகாம் என்றார். அதனால் பாட்டி பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. செத்த நாள் தெரியாது, திதி கொடுக்க முடியாது. ஆடி அமாவாசைக்கு ஓர் இலை போடுவார். யாருக்கு என்று கேட்டால் "வழிப்போக்கனுக்கு" என்பார். ராத்திரி நாய் குரைத்தால் எழுந்து கதவைத் திறந்து பார்ப்பார். நாங்கள் பிள்ளைகள், தாத்தா பேயாக வருகிறார் என்று போர்வைக்குள் ஒளிந்துகொள்வோம். எனக்கு அப்போது அது பேய்க்கதை.

இப்போது சொல்லுங்கள், இது மூன்றில் எந்த வகை? ஆள் காணாமல் போனார், சாட்சிகள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், உடல் கிடைக்கவில்லை. நம் முன்னோர் நாவல்களில் பலவற்றில் எழுதுகிறவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எத்தனை பேர் போனார்கள், எந்த ஆண்டு, யார் செத்தார்கள், யார் குற்றவாளி. அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு எதுவுமே தெரியாது. தெரியாமலேதான் அடுத்த நாள் பெரட்டுக்குப் போனார்கள். பாட்டி கதை சொன்னபோது அந்தத் தெரியாமையோடு சொன்னார். வாசகி அம்மாவின் தாயார் "தெரிஞ்சதுதானே" என்று புத்தகத்தை மூடுவது எனக்குப் புரிகிறது.

லோரிக்காரன் | ஞாயிறு, மாலை 4.50

டீச்சர், வணங்குகிறேன்.

இதைப் படித்ததும் நினைவு வந்தது. ராணி மாணிக்கா எழுதிய 'தி ரைஸ் மதர்' (2002) கேட்டிருக்கிறேன். சிலோனிலிருந்து கல்யாணமாகிக் குவாந்தான் வருகிற பதினாலு வயதுப் பெண் லட்சுமி. மாப்பிள்ளை பணக்காரர் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள். அதிலும் ஜப்பான் காலம் வருகிறது, மோகினி என்ற மகளை இழக்கிறார்கள். ஒரே சம்பவத்தை வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு மாதிரி சொல்கிறார்கள், நாமே கோத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. முன்னோர் கதைதான், எனக்குப் போரடிக்கவில்லை. நீங்கள் சொன்ன காரணத்தால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

தே ஓ கோசோங் | ஞாயிறு, இரவு 9.33

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், அடிக்க வராதீர்கள்.

டீச்சர் எழுதியது உண்மை. ஆனால் ஒவ்வொரு பேய்க்கும் பின்னால் ஒரு வரலாற்றுச் சோகம் இருந்தே ஆக வேண்டுமா? இப்போது இங்கே எழுதுகிற இளைஞர்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பேய் வரும், கடைசியில் பார்த்தால் அது சயாமில் செத்தவர், இல்லாவிட்டால் துரை கெடுத்த பெண். பேய் வந்தவுடனே காரணம் என்னவாக இருக்கும் என்று ஊகித்துவிடுகிறேன். கப்பல், கங்காணி மாதிரி இதுவும் ஒரு வாய்பாடு ஆகிவிட்டது. சும்மா பயமுறுத்துகிற பேய் வேண்டும் எனக்கு. வேலை முடிந்து வந்து வாசிக்கிறவனுக்குக் கொஞ்சம் சந்தோஷமும் தேவை. சங்கர்லால் எந்த வரலாற்றையும் சுமக்கவில்லை, எங்கள் லயம் முழுக்க அவரை வாசித்தது.

நள்ளிரவு நண்டு | ஞாயிறு, இரவு 9.41

கோசோங் அண்ணே, என் கதையின் கடைசிப் பத்தியை எப்போது வாசித்தீர்கள்???

பழைய கிராணி | திங்கள், காலை 5.45

கோசோங் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. லயத்தில் சொன்ன பேய்க்கதைகளில் பாதி, பிள்ளைகள் ராத்திரியில் ஆற்றுப் பக்கம் போகக்கூடாது என்று கட்டியது. இன்னொரு பாதி, கள்ளுக்கடையிலிருந்து லேட்டாக வந்தவன் பெண்டாட்டியிடம் சொன்னது.

சோகம் வேண்டாம் என்றால் விறுவிறுப்புக்கு நம் ஊரிலேயே விஷயம் கிடக்கிறது. 1948 ஜூன் 16, காலை. இந்தச் சுங்கை சிப்புட்டில் இரண்டு தோட்டங்களில் மூன்று துரைமாரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள். அதன் பிறகுதான் அவசரகாலம் என்று அறிவித்தான் வெள்ளைக்காரன், 1960 வரை நீடித்தது. துரைமார் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அன்று காலை அந்தத் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வெடிச்சத்தம் கேட்டு என்ன செய்தார்கள்? வாளியைப் போட்டுவிட்டு ஓடினார்களா, நிரையை முடித்துவிட்டு வந்தார்களா? சாயங்காலம் போலீஸ் வந்து கேட்டபோது என்ன சொன்னார்கள்? இதை வைத்து மர்ம நாவல் எழுதினால் நான் முன்பணம் கட்டி வாங்குவேன்.

முன்னோர் நாவல் எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாரும் வந்த கப்பலை எழுதுகிறார்கள். திரும்பிப் போன கப்பலை நான் வாசித்த நாவல்களில் பார்க்கவில்லை. 1969இல் வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது, குடியுரிமை எடுக்காமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பார்த்தே இராத ஊருக்கு. இன்னொரு பக்கம், வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள் என்றார். அன்றைய கூலியில் பத்து வெள்ளி! கட்டலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் சண்டை. ஒரு வீட்டில் அண்ணன் கட்டினான், தம்பி கப்பலேறினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? கங்காணியை இரண்டு தலைமுறை விட்டுவிடலாம், அவர் களைத்துப்போயிருப்பார்.

கித்தாக்காட்டு வாசகி | திங்கள், இரவு 8.50

ஐயா, "கட்டலாமா வேண்டாமா சண்டை" என்ற வரியை அம்மாவிடம் சொன்னேன். அவர் அப்பா கட்டவில்லையாம். ஏன் என்று இதுவரை என்னிடம் சொன்னதில்லை, இன்று ஒரு மணி நேரம் சொன்னார். இங்கே எழுத முடியாது, பெரியப்பா வீட்டில் இந்த இழையைப் படிக்கிறார்கள்.

சரி, புத்தக விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, ஆனால் நான் ராத்திரி வாசித்துத் தமிழில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். பிரீதா சமரசன் புத்தகத்தை யாராவது இரவல் தருவீர்களா? தமிழில் அடுத்து எதைக் கொடுக்கலாம்? கொலையும் பேயும் சேர்ந்திருந்தால் நல்லது.

தே ஓ கோசோங் | திங்கள், இரவு 9.04

சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' கொடுங்கள். கணேஷ், வசந்த். நடப்பது பேயா விஞ்ஞானமா என்று கடைசிவரை இழுப்பார். டீச்சர் மன்னிக்க வேண்டும், வரலாறு கிடையாது. என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, ஆனால் கடைசி நாலைந்து பக்கங்கள் கழன்று எங்கேயோ போய்விட்டன.

கித்தாக்காட்டு வாசகி | திங்கள், இரவு 9.06

மர்மக்கதையில் கடைசிப் பக்கம் இல்லாமல் கொடுத்தால் அம்மா உங்கள் வீட்டுக்கே வந்துவிடுவார்.

டீச்சரம்மா | திங்கள், இரவு 9.30

முழுப் பிரதி என்னிடம் இருக்கிறது, வரலாறு மட்டும்தான் வாசிப்பேன் என்று யார் சொன்னது? ஞாயிற்றுக்கிழமை காலை பசாருக்கு வருவேன், மீன் கடை வரிசை முடிகிற இடத்தில் நிற்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தை மடிக்கக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

லோரிக்காரன் | திங்கள், இரவு 11.48

பிரீதா புத்தகம் அச்சில் என்னிடம் இல்லை, தங்கச்சியிடம் இருக்கிறது, ஈப்போவில். புதன்கிழமை அந்தப் பக்கம் லோடு இருக்கிறது, எடுத்து வருகிறேன். நண்டு, உன் முனி கதையை முடித்துவிட்டால் அதையும் யாரையாவது வாசிக்கச் சொல்லிப் பதிவு பண்ணி அனுப்பு, போகிற வழியில் கேட்கிறேன்.